கோடு வரை நிரம்பிய குழாய்

என் பைக்கின் பின்பெட்டியில், மழைக்கோட்டுக்கும் பஞ்சர் ஒட்டும் பசைக்கும் நடுவே ஒரு காலி பிளாஸ்டிக் குழாய் கிடக்கிறது. நடுவிரல் நீளம்தான் இருக்கும். எச்சிலைப் பிடித்து மரபணுச் சோதனைக்கு அனுப்புகிற குழாய். முக்கால்வாசி உயரத்தில் கம்பெனிக்காரர்களே அச்சிட்ட கறுப்புக் கோடு ஒன்று இருக்கிறது. அடியிலிருந்து ஒரு நகத்தின் உயரத்தில் நீலப் பேனாவால் கையால் போட்ட கோடு இன்னொன்று. அந்த நீலக்கோட்டைப் போட்டவர் திண்டிவனத்தில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் வேலை பார்த்த லேப் சிஸ்டர். மை அழிந்துகொண்டே வந்ததால் மேலே செல்லோ டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் படும். படட்டும் என்றுதான் அங்கே போட்டு வைத்திருக்கிறேன்.

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரைக்கும் உள்ள கிளினிக்குகளில் ரத்தமும் எச்சிலும் சேகரித்து, சென்னையில் ஒரு மரபணு ஆய்வகத்துக்கு அனுப்புவது என் வேலை. பிறவியிலேயே எனக்குக் கொஞ்சம் சந்தேக புத்தி. பெட்ரோல் பங்க்கில் மீட்டரை முறைத்துக்கொண்டு நிற்பேன். பால்காரர் ஊற்றும்போது படியை எட்டிப் பார்ப்பேன். மருந்துக் கடையில் அட்டையைத் திருப்பித் தேதி பார்க்காமல் வாங்கியதில்லை. ஆனால் அந்தச் சென்னை மெஷினை மட்டும் சாமி மாதிரி நம்பினேன். ஒரு மனுஷனின் உடம்பு எழுத்து எழுத்தாக எழுதிவைத்த புத்தகம் என்றால், அந்த மெஷின் ஒவ்வொரு எழுத்தையும் திரும்பத் திரும்பப் படித்து, ஒப்பிட்டுப் பார்த்து, எங்கே பிழை என்று சொல்லிவிடும். பயிற்சியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். நானும் வீடு வீடாக அதையே சொன்னேன். "டாக்டர் தப்பு பண்ணலாம், நான் தப்பு பண்ணலாம், மெஷின் பொய் சொல்லாதுங்க" என்பது என் வாய்ப்பாடு. கெடாரில் ஒரு விவசாயி வீட்டுப் பையனுக்கு நடை தள்ளாடுகிறது என்று எச்சில் எடுத்தபோதும் அதைத்தான் சொன்னேன். அந்தக் குழாய் கோடு வரைக்கும் கச்சிதமாக நிரம்பியிருந்தது. பிழை எதுவும் இல்லை என்று அறிக்கை வந்ததும் பையனின் அப்பா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு முழுதும் நான் தரையில் நடக்கவில்லை.

லேப் சிஸ்டருக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்ன மரச் சிலுவை போட்டிருப்பார். அவரோடு எனக்கு முதல் நாளிலிருந்தே ஒத்துப்போகவில்லை. அந்த மருத்துவமனைக் குழாய்கள் அவர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் சென்னைக்குப் போகும். நான் கொண்டுபோகும் ஒவ்வொரு குழாயையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். அங்கேயே எடுத்த குழாய் என்றால், ஒட்டியிருக்கிற சீட்டிலுள்ள பெயரை அவர் படித்துச் சொல்லி "சரியா" என்று கேட்கமாட்டார். "பேரு என்ன, நீங்களே சொல்லுங்க" என்று தாயிடம் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் சீட்டைப் பார்ப்பார். எனக்கு வண்டிக்கு நேரமாகும். அவருக்கு அதைப் பற்றிக் கவலையே கிடையாது. அங்கே இன்னொரு ஆய்வகத்தின் ஆளும் வருவான். வரும்போதெல்லாம் சமோசா வாங்கி வருவான். சிஸ்டர் அவன் பக்கம், என் குழாய்களை வேண்டுமென்றே தாமதப்படுத்துகிறார் என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் டாக்டரிடமே போய் அதைச் சொல்லிவிட்டேன். ஆதாரம் என்று கேட்டால் சமோசா மட்டும்தான் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் கோலியனூர்ப் பக்கத்துப் பெண் குழந்தையின் கேஸ் வந்தது. நான்கு வயது. வலிப்பு வரும், முடி கொட்டும், வாயைச் சுற்றித் தோல் உரியும். ஒரு வைட்டமினை உடம்பு திரும்பப் பயன்படுத்திக்கொள்ள முடியாமல் போகிற பரம்பரைக் குறை இருக்கலாம் என்று டாக்டர் சந்தேகப்பட்டு மாத்திரை ஆரம்பித்திருந்தார். மாத்திரை போட்ட பிறகு வலிப்பு நின்றிருந்தது. ஆனால் குழந்தையின் அப்பாவுக்கு மனசு ஒப்பவில்லை. ஆயுசுக்கும் மாத்திரையா, அதுவும் சந்தேகத்தின் பேரிலா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மரபணுச் சோதனையில் தெரிந்துவிடும், பிழை இருந்தால் தொடரலாம், இல்லையென்றால் நிறுத்திவிடலாம் என்று முடிவானது. அந்த அம்மாவுக்கு அப்போதுதான் இரண்டாவது பிரசவம் ஆகியிருந்தது. பிறந்த பையனுக்கும் அந்தக் குறை இருக்கிறதா என்பதும் அதே அறிக்கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

முதலில் ரத்தம்தான் எடுத்தேன். நரம்பு கிடைக்காமல் நாலு இடத்தில் குத்தினேன். எடுத்த ரத்தமும் உறைந்துபோய்விட்டது என்று சென்னையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இனி என் பெண்ணை ஊசியால் தொடக்கூடாது என்று தாய் தீர்த்துச் சொல்லிவிட்டார். அதனால் எச்சில் குழாயோடு அவருடைய அம்மா வீட்டுக்குப் போனேன். பச்சை உடம்புக்காரி, கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். குழாயை அவர் கையில் கொடுத்து, "கோடு வரைக்கும் நிரம்பணும்மா. ஒரு சொட்டு கொறஞ்சாலும் ரத்தம் மாதிரி இதையும் திருப்பி அனுப்பிடுவாங்க. அப்புறம் மறுபடியும் ஊசிதான்" என்றேன். நேரம் ஆகும்போலத் தெரிந்தது. போன் வேறு அடித்தது. நான் தெருவுக்குப் போய் வேப்பமரத்தடியில் நின்று பேசிவிட்டு, ஒரு டீயும் குடித்துவிட்டு வந்தேன். குழாய் கோடு வரைக்கும் நிரம்பித் தயாராக இருந்தது. எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா.

திண்டிவனத்தில் சிஸ்டர் வழக்கம்போல அதை ஜன்னலுக்குக் கொண்டுபோனார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"அண்ணா, இது இன்னா லேசா செவப்பா இருக்குது?"

"இருமல் மருந்து குடிச்சிருக்கும் சிஸ்டர்."

"குடிச்சிச்சா, இல்ல குடிச்சிருக்குமா? நீங்க பக்கத்துல இருந்து பாத்தீங்களா?"

"பாத்துக்கினுதான் இருந்தேன்" என்றேன். பச்சைப் பொய். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, படிவத்தின் ஓரத்தில் 'நிறம் வேறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சமோசாக்காரன் ஏற்பாடுதான் இதெல்லாம் என்று நினைத்துக்கொண்டே வண்டியை எடுத்தேன்.

மூன்று வாரம் கழித்து அறிக்கை வந்தது. தரம் நன்று, வாசிப்பு முழுமை என்று முதல் பக்கத்திலேயே பச்சை நிறத்தில் அச்சிட்டிருந்தார்கள். அந்த மரபணுவுக்கு எல்லோருக்கும் இரண்டு பிரதிகள் உண்டு, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. இரண்டிலும் பிழை இருந்தால்தான் நோய். ஒன்றில் மட்டும்தான் பிழை இருக்கிறது, ஆகவே நோய் இல்லை என்றது அறிக்கை. அப்பா அன்றைக்கே மாத்திரையை நிறுத்திவிட்டார். சிஸ்டர் மட்டும் அந்தக் காகிதத்தை விடவில்லை. "மாத்திரை போட்டா ஃபிட்ஸ் நிக்குது. அப்பாவும் அம்மாவும் தாய்மாமன், அக்கா பொண்ணு. ஒரே ரத்தம். அப்படி இருக்க ஒரே ஒரு காப்பியிலதான் பிழைன்னு வருதுன்னா எனக்கு ஒப்பல சார்" என்று டாக்டரிடம் சொன்னதை வாசலில் நின்று கேட்டேன். மெஷின் மேலேயே சந்தேகப்படுகிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்து நாளில் அந்தக் குழந்தைக்கு மறுபடியும் வலிப்பு வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சில் பூசை முடிந்த கையோடு சிஸ்டர் பஸ் ஏறிக் கோலியனூர் போகிறார் என்று தெரிந்தது. அந்தக் குடும்பத்தை இன்னொரு ஆய்வகத்துக்கு இழுக்கத்தான் போகிறார் என்று முடிவு கட்டிக்கொண்டு, கையும் களவுமாகப் பிடிக்க நானும் பைக்கில் போனேன். நான் உள்ளே நுழைந்தபோது அவர் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து குழந்தையோடு விளையாடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்கண்ணா, நல்லதாப் போச்சு. ஒரு புதுக் குழாய் குடுங்க" என்றார். கொடுத்தேன். குழந்தையின் வாய்க்கு அடியில் அதைப் பிடித்துக்கொண்டு, "எங்க, அக்காவுக்குத் துப்பிக் காட்டு" என்றார். அதற்குத் துப்பவே தெரியவில்லை. பூ பூ என்று ஊதியது. எச்சில் தாடையில் வழிந்து கவுனில் இறங்கியது. கால் மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்து பிடித்தும் குழாயின் அடியில் ஒரு நக உயரத்துக்குத்தான் சேர்ந்தது. அவர் பையிலிருந்து நீலப் பேனாவை எடுத்து அந்த உயரத்தில் ஒரு கோடு போட்டார்.

பிறகுதான் அந்தத் தாயைத் திரும்பிப் பார்த்தார். சாப்பிட்டு முடித்திருந்த அந்த அம்மா வாயில் வெற்றிலை போட்டிருந்தார். எங்கள் பக்கம் பிள்ளை பெற்றவளுக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலை கொடுப்பார்கள். செரிக்கும், பால் ஊறும் என்று நம்பிக்கை. உதடு சிவந்திருந்தது. எனக்கு அப்போதுதான் முதல் குழாயின் லேசான சிவப்பு ஞாபகம் வந்தது.

"மீதிய நீ துப்புனியாம்மா?" என்று சிஸ்டர் மெதுவாகக் கேட்டார்.

அந்த அம்மா தரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இவருதாங்க கோடு வரைக்கும் நிரம்பணும்னு சொன்னாரு. கொறஞ்சா மறுபடியும் ஊசின்னாரு. இது அடியிலயே நின்னுக்கினு இருந்துச்சு. வாயக் கொப்பளிச்சிட்டுத்தான் துப்புனேன். நான் பெத்த பொண்ணுதான, என் எச்சி வேற அது எச்சி வேறயான்னு நெனச்சிட்டேங்க."

குழாயில் இருந்ததெல்லாம் ஏறக்குறைய தாயின் எச்சில். மெஷின் அதைத்தான் படித்தது. ஓர் எழுத்துப் பிசகாமல் படித்து, இந்த மனுஷிக்கு ஒரு பிரதியில்தான் பிழை, நோய் இல்லை என்று சரியாகத்தான் சொன்னது. யாருடையது என்று அது கேட்கவில்லை. கேட்க வேண்டிய நான் வேப்பமரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் இன்றைக்கும் குறையவில்லை.

தாயைச் சம்மதிக்கவைத்து, சிஸ்டரே குழந்தையை மடியில் வைத்து, கதை சொல்லிக்கொண்டே ஒரே குத்தில் ரத்தம் எடுத்தார். எடுத்து முடித்த பிறகுதான் குழந்தை அழுதது. கைக்குழந்தைக்கும் குதிகாலில் எடுத்தார். இந்த முறை வந்த அறிக்கையில் பெண் குழந்தைக்கு இரண்டு பிரதியிலும் பிழை. தம்பிக்கு ஒன்றில்தான், அவனுக்கு மாத்திரை தேவையில்லை. பெண்ணின் மாத்திரையை அப்பா இப்போது தன் கையாலேயே கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டேன். வலிப்பு நின்றுவிட்டது. மாத்திரை நின்றிருந்த அந்த நாட்களில் காது கொஞ்சம் மந்தமாகிவிட்டதோ என்று டாக்டருக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. அது மாத்திரை நின்றதாலா, முன்பே இருந்ததா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

போன வருடம் சிஸ்டர் கணவரோடு வேறு ஊருக்குப் போனார். கடைசி நாளில் என்னைக் கூப்பிட்டு, கழுவிக் காயவைத்த அந்தக் குழாயைக் கொடுத்தார். "டாக்டர்கிட்ட என்னப் பத்தி நீங்க சொன்னது எனக்கு அப்பவே தெரியும்ணா" என்றார். "சந்தேகப்பட்டீங்க, சரி. என் மேலயே பட்டுக்கினு இருந்தீங்களே, அந்தக் குழாயை ஒரு வாட்டி தூக்கிப் பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். கோபம் இல்லை என்று காட்டத்தான் சிரித்தார். கோபப்பட்டிருந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றியது.

இப்போதெல்லாம் நான் குழந்தைகளின் எதிரிலேயே உட்கார்ந்து, துப்பி முடிக்கும் வரைக்கும் எழுந்திருப்பதில்லை. சின்னக் குழந்தை என்றால் எச்சில் குழாயையே வெளியே எடுப்பதில்லை. கன்னத்தின் உள்ளே பஞ்சால் துடைத்து எடுக்கிறேன். அதையும் பால் குடித்தவுடன் எடுப்பதில்லை, பாலோடு வந்த தாயின் உயிரணுக்கள் ஒட்டியிருக்கும். ஆனால் இது இனி வரப்போகிற குழந்தைகளுக்கு. அதற்கு முந்தைய வருடங்களில் நான் பெருமையாகத் தூக்கிக்கொண்டு போன குழாய்கள் எல்லாம் கோடு வரைக்கும் நிரம்பியிருந்தன. மூன்று வயது, நான்கு வயதுப் பிள்ளைகளின் குழாய்கள். ஒன்றுகூடக் குறைந்ததாக நினைவில்லை. அப்போது அது என் திறமை என்று நினைத்தேன். ஒரு வருடமாக, அந்தப் பிள்ளைகளின் பெயர்களை எழுதிவைத்த பழைய நோட்டை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். போன வாரம்தான் முதல் பெயரை எடுத்துக்கொண்டு கெடாருக்குப் போனேன்.

பையன் வளர்ந்திருந்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தான். அப்பா மல்லாட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வேர்க்கடலை மண் ஒட்டிய கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். "வாங்க சார். மெஷின்ல ஒண்ணும் இல்லன்னு வந்துச்சில்ல, அதனால பெரிய ஆஸ்பத்திரிக்குல்லாம் போகலிங்க. சத்துக் கொறவா இருக்கும்னு விட்டுட்டோம்" என்றார். நான் பெட்டியைத் திறந்து அந்தக் குழாயை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அன்றைக்குப் பையன் துப்பியது எதுவரைக்கும் வந்தது என்று ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். கறுப்புக் கோட்டைத் தாண்டி விரல் கீழே இறங்கியது. நீலக் கோட்டின் மேல் நின்றது.

"இவ்ளோதாங்க வந்துச்சு. மீதிய நான்தான் துப்பி நெரப்புனேன்" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "தப்புங்களா?"