அமீனா வீட்டு நாயும் ஆமினா வீட்டுக் கோழியும்

முட்டை விற்றுப் பிழைக்கிறவளுக்குப் பருந்து ஒரு தொந்தரவு, கீரி ஒரு தொந்தரவு, ஆனால் பக்கத்து வீட்டு நாய் என்பது தினசரி வாழ்க்கை. கொல்லையில் கோழி வளர்த்துப் பார்த்தவர்கள் இந்த இடத்திலேயே ஒரு பெருமூச்சு விட்டிருப்பீர்கள். வளர்க்காதவர்கள் கொடுத்துவைத்தவர்கள், உட்கார்ந்து சிரிக்கலாம்.

கடலூர் ஓல்டு டவுனில் எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் பினாங்கில் ஒரு துணிக்கடையில் வேலையாக இருந்தார். ஜப்பான்காரன் அங்கே வந்து இறங்கியதும் கடிதம் நின்றது, மணியார்டரும் நின்றது. (யுத்தம் முடிந்த பிறகு அவர் முழுசாக வந்து சேர்ந்தார். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் கோழியைக் கவனிக்காமல் அவரையே நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.) வீட்டில் நானும் இரண்டு பெண் குழந்தைகளும். கொல்லையில் பத்துப் பெட்டையும் ஒரு சேவலும் மேய்ந்துகொண்டிருந்தன. அதுவரை அவை சும்மா கோழிகள். அன்றிலிருந்து அவைதான் எங்களுக்குச் சோறு போட்டன.

பெயர்ப் பொருத்தம்

என் பெயர் ஆமினா. பக்கத்து வீட்டுக்காரர் கோவிந்தசாமி கோர்ட்டில் அமீனா. கடன் வாங்கிக் கட்டாதவர்கள் வீட்டுக்குக் கோர்ட்டு உத்தரவோடு போய், அண்டா குண்டானை ஜப்தி பண்ணி வண்டியில் ஏற்றி வருகிற உத்தியோகம். அவர் ஒரு நாய் வளர்த்தார். செம்பட்டை நிறம், அகலமான மார்பு. அதற்குத் ‘துரை’ என்று பெயர் வைத்திருந்தார். பகலெல்லாம் துரைமார்களுக்குக் கும்பிடு போட்டுவிட்டு வந்து, சாயங்காலம் “துரை, உக்காரு!” என்று அதட்டுவதில் அந்த மனுஷனுக்கு ஒரு திருப்தி.

எஜமானன் ஊரார் வீட்டில் செய்ததை நாய் என் கொல்லையில் செய்தது. உத்தரவு மட்டும் கையில் இல்லை. முதல் கோழி போன அன்றைக்கு, செத்த கோழியைக் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு சுவர் ஓரம் போய் நின்றேன். நாய் கடித்துச் செத்தது எங்களுக்கு ஹராம், குழம்புக்கும் உதவாது, குழிக்குத்தான் போகும். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. அமீனா பல் விளக்கிக்கொண்டிருந்தார். கோழியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “எங்க நாய்தான் புடிச்சுதுன்னு சாட்சி உண்டா பாய்வூட்டம்மா?” என்றார். “இந்தக் கோழிதான் சாட்சி!” என்று கத்தினேன். அவர் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு நிதானமாகச் சொன்னார்: “அது செத்துப்போச்சேம்மா. கூண்டுல ஏறி யாரு சொல்றது?”

கம்பவுண்டர் வைத்தியம்

கோழி போன சேதி பரவியதும் முட்டை வாங்குகிறவர்கள் எல்லோரும் யோசனை சொல்ல ஆரம்பித்தார்கள். சுவர்மேல் கருவேல முள் வை என்றார் ஒருவர். வைத்தேன். துரை முள்ளுக்குக் கீழே சுவரைப் பறித்து ஓட்டை போட்டான். பழைய செருப்பைக் கட்டித் தொங்கவிடு என்றார் இன்னொருவர். அதைத் துரை எடுத்துப்போய்த் தன் எஜமானிடமே கொடுத்துவிட்டான்.

ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் சொன்னதுதான் எனக்குப் பிடித்தது. முட்டையில் சின்னத் துளை போட்டு, உள்ளே இருப்பதை ஊதி எடுத்துவிட்டு, காரமான மிளகாய்த்தூளைக் கரைத்து ஊற்றி, துளையை மாவால் அடைத்துக் கொல்லையில் போட்டுவை, ஒரு தடவை தின்றால் ஜென்மத்துக்கும் உன் பக்கம் வராது என்றார். மூன்று முட்டை அப்படித் தயார் பண்ணினேன். அவசரத்தில் அவற்றைக் கூடைக்குப் பக்கத்திலேயே வைத்ததுதான் தப்பு. நான் துப்பட்டியைப் போட்டுக்கொண்டு கிளம்பும்போது, என் பெரிய பெண் ‘அம்மா மறந்துட்டாங்க’ என்று அந்த மூன்றையும் எடுத்து, உமி போட்ட விற்பனைக் கூடையில் பத்திரமாக வைத்துவிட்டாள். கூடை நேராக மிலிட்டரி ஓட்டல் காதர் பாய் கடைக்குப் போனது. அன்று மத்தியானம் ஒரு வாடிக்கைக்காரருக்கு அவர் ஆப்பாயில் போட முட்டையை உடைத்தார்.

மறுநாள் நான் தலைகுனிந்துகொண்டு போய் நின்றேன். காதர் பாய்க்குக் கண்கள் இன்னும் சிவப்பாகவே இருந்தன. கோபித்துக்கொள்ளவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்: “ஆமினாம்மா, ஒங்க கோழிங்க இனிமே மசாலாவும் சேத்தே போடுமா, இல்ல இது நேத்து மட்டுந்தானா?”

ரயிலில் ஒரு பயணி கூடினது

மூன்றாவது கோழியும் போனதும், மிச்சமிருந்த எட்டையும் சிதம்பரத்தில் என் தங்கை வீட்டில் கொண்டுபோய் வைப்பது என்று முடிவு செய்தேன். லக்கேஜ் சீட்டு வாங்கி, மூங்கில் கூடையை வலை போட்டுக் கட்டி, இரண்டு குழந்தைகளோடு ரயில் ஏறினேன். யுத்த காலத்துக் கூட்டம். பெண்கள் பெட்டி எங்கே, ஆண்கள் பெட்டி எங்கே என்று பார்க்க நேரமில்லை. கிடைத்த இடத்தில் உட்கார்ந்தேன். பக்கத்தில் சிதம்பரம் கோயில் வீதிக்காரர் ஒருவர், பஞ்சகச்சமும் விபூதியுமாக. கூடையைப் பார்த்ததும் தன் பட்டுத் துண்டை மடித்து எங்கள் நடுவில் எல்லைக்கல் மாதிரி வைத்துவிட்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

புதுச்சத்திரம் தாண்டியபோது எனக்குக் கண் அசந்துவிட்டது. கருப்பி என்கிற பெட்டை வலையை விலக்கிக்கொண்டு வெளியே வந்திருக்கிறாள். அவளுக்கு வேளை வந்துவிட்டது, பாவம். மெத்தென்று ஓர் இடம் தேடினாள். அந்தப் பெட்டியில் பட்டுத் துண்டை விட மெத்தென்று எது இருக்கிறது? கொக்கரிப்பு கேட்டு நான் கண் விழித்தேன், அவர் திரும்பினார், துண்டின் மேல் முட்டை உருண்டுகொண்டிருந்தது. அவர் துள்ளி எழுந்து “சிவ சிவா!” என்றார். நான் துப்பட்டிக்குள்ளேயே செத்தேன். அந்த நேரம் பார்த்து டிக்கெட் பரிசோதகர் வந்து நின்றார். இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். முட்டையைக் கையில் எடுத்தார், இளஞ்சூடாக இருந்திருக்கும். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மூணு வயசுக்குக் கீழதான் இருக்கு, டிக்கெட் வேணாம். யாராவது ஒருத்தரு மடியில வெச்சுக்குங்க.”

சிதம்பரத்துச் சொகுசு

தங்கை வீட்டில் கோழிகளுக்கு ராஜபோகம். மதில் ஆள் உயரம், நாய் கிடையாது, மண் கிளறப் பெரிய கொல்லை. நான் நிம்மதியாகத் தூங்கினேன். கோழிகளும் நிம்மதியாக இருந்தன, அதுதான் வினை. ஒரு வாரம் ஒரு முட்டை இல்லை. இரண்டாவது வாரமும் இல்லை. வேளாவேளைக்குக் குறுணை தின்றுவிட்டு வேப்பமர நிழலில் சாய்ந்துகிடந்தன. கடலூரில் என்னிடம் முட்டை வாங்குகிற ஆஸ்பத்திரியும் காதர் பாயும் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டால் என் கதி என்ன? தங்கை வீட்டில் எத்தனை நாள் மூன்று பேர் உட்கார்ந்து சாப்பிடுவது?

தங்கை மாப்பிள்ளை அரிசி மண்டி வைத்திருந்தார். அதிகம் பேசமாட்டார். தினம் காலையில் நான் கோழிக்கூண்டில் கையை விட்டுத் துழாவுவதையும் வெறுங்கையோடு வருவதையும் பார்த்துக்கொண்டே இருந்தவர், பதினைந்தாம் நாள் வாய் திறந்தார்: “மச்சி, கோழிய மட்டும் இட்டாந்துட்டீங்க. அந்த நாயையும் கூட்டியாந்திருந்தா, அதுங்களுக்கும் வேலை ஞாபகம் இருந்திருக்கும்.”

வெள்ளச்சி

இது ஒன்றில் மட்டும் சிரிக்க ஒன்றுமில்லை. கோழிகளோடு கடலூருக்கே திரும்பிவிட்டேன். வந்ததும் வெள்ளச்சி அடையில் உட்கார்ந்தாள். என்னிடம் இருந்ததிலேயே நல்ல பெட்டை. பதினோரு முட்டை வைத்திருந்தேன். அவை பொரித்துப் பெரிதானால்தான், போன மூன்றை ஈடுகட்ட முடியும். பன்னிரண்டாம் நாள் காலையில் நான் முட்டை கொடுக்கப் போயிருந்தபோது துரை கூண்டுக் கதவைத் தள்ளிவிட்டான். வெள்ளச்சி ஓடியிருக்கலாம், ஓடவில்லை. முட்டையின் மேலேயே உட்கார்ந்து சண்டை போட்டிருக்கிறாள். நான் வந்தபோது அவள் உயிர் போயிருந்தது. பதினோரு முட்டையும் உடையாமல் சூடாக இருந்தன. அவற்றைப் பழைய கம்பளியில் சுற்றி அடுப்படி ஓரம் வைத்தேன். பிறகு நாட்டு மருந்துக் கடைக்குப் போய் எலிப் பாஷாணம் வாங்கிவந்து, கருவாட்டுச் சோற்றில் பிசைந்து, வாழை இலையில் எடுத்துக்கொண்டு சுவர் ஓரம் போனேன்.

அங்கே அமீனாவின் பெண்சாதி செல்லம்மா நின்றிருந்தாள். பிள்ளை இல்லாதவள், குரலே வெளியே வராது. என் கையில் இருந்த இலையைப் பார்த்தாள். மணக்க மணக்கக் கருவாட்டுச் சோறு, கோழியைப் பறிகொடுத்தவள் நாய்க்குக் கொண்டுவருகிறாள் என்றால் யாருக்குத்தான் புரியாது? தடுக்கவில்லை, கையெடுத்துக் கும்பிடவும் இல்லை. மெல்லச் சொன்னாள்: “அக்கா, அவரு தெருவுல நடந்தா ஜனங்க கதவச் சாத்திக்கிறாங்க. அவரு வர்றாருன்னு வாலாட்டிக்கிட்டு ஓடியார்றது இது ஒண்ணுதான்.”

குறிஞ்சிப்பாடியாள்

இலையை வெள்ளச்சியோடு சேர்த்து ஆழமாகப் புதைத்துவிட்டேன். முட்டைகளைத்தான் என்ன செய்வது என்று தெரியவில்லை. வேறு எந்தக் கோழியும் அடைக்கு வரவில்லை. கம்பளியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, சூடு குறைகிறதே என்று அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டே இருந்தேன். இரண்டு பெண்களும் பக்கத்தில் உட்கார்ந்து, முட்டைக்குள் குஞ்சுக்குக் குளிருமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பொழுது சாயும் நேரம் வாசலில் யாரோ இருமினார்கள். அமீனா. கோர்ட்டுக்குப் போன சட்டை முழுக்கக் கரிப்புகை. அப்போதெல்லாம் பெட்ரோல் கிடைக்காமல் பஸ் கரியில் ஓடியது, பின் சீட்டில் உட்கார்ந்தால் இப்படித்தான் இறங்கவேண்டும். மத்தியானம் சாப்பிட வந்தவரிடம் செல்லம்மா எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். மனுஷன் சாப்பாட்டு இலையைத் தொடாமல் எழுந்து, குறிஞ்சிப்பாடிக்கு பஸ் ஏறிப்போய்த் திரும்பியிருக்கிறார். அவர் கக்கத்தில் அடைக்கு உட்கார்ந்த கோழி ஒன்று, முறைத்துக்கொண்டு இருந்தது. என் முகத்தைப் பார்க்க முடியாமல் கோழியை நீட்டினார். ஊரார் பண்டத்தையெல்லாம் தூக்கிவருகிற கை அல்லவா, நான் வாங்கத் தயங்கினேன். அவருக்கு அது புரிந்துவிட்டது போலிருக்கிறது. தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: “இது ஜப்தி பண்ணது இல்லம்மா. நானே கேட்டு, காசு குடுத்து வாங்கினது.”

துரைக்கு நேர்ந்த கதி

குறிஞ்சிப்பாடியாள் உட்கார்ந்தாள். பதினொன்றில் ஒன்பது பொரித்தது. அமீனா ஒரு சங்கிலி வாங்கித் துரையை மாட்டுத்தொழுவத்தில் கட்டிவைத்தார். குஞ்சு பொரித்த எட்டாம் நாள் சங்கிலியை அறுத்துக்கொண்டு துரை சுவர் ஏறிக் குதித்தான். நான் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு ஓடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. குறிஞ்சிப்பாடியாள் இறகை விரித்து எகிறினாள். மூக்கில் ஒன்று, காதில் ஒன்று, கண்ணுக்குப் பக்கத்தில் ஒன்று. துரை போட்ட சத்தத்தில் தெருவே வந்துவிட்டது. வந்த வழி தெரியாமல் கொல்லையை மூன்று சுற்று சுற்றினான். அவளும் முதுகிலேயே சவாரி பண்ணினாள். கடைசியில் வாசல் வழியாக ஓடித் தன் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் புகுந்தவன், இரண்டு நாள் சோற்றுக்குக்கூட வெளியே வரவில்லை.

அமீனா சுவர் ஓரம் வந்து நின்றார். முகத்தில் கோபமா சிரிப்பா என்று எனக்கு விளங்கவில்லை. “கொத்துனது நான் வாங்கியாந்த கோழி, கொத்து வாங்குனது நான் வளத்த நாயி,” என்றார். “நான் யாருமேல பிராது குடுக்குறது, சொல்லுங்க!”

அண்ணாகிராமத்துக் கிராக்கி

இந்தச் சேதி முட்டைக்கூடையோடு ஊர் சுற்றியது. காதர் பாய் கடையில் சாப்பிட வந்தவர்கள் ஆளுக்கொரு கை சேர்த்துச் சொன்னதில், என் கோழி இரண்டு நாய்களையும் ஒரு நரியையும் விரட்டியதாக ஆகிவிட்டது. ஒரு நாள் அண்ணாகிராமத்திலிருந்து ஒருவர் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். காதில் கடுக்கன், தோளில் துண்டு. முந்திரித் தோப்பு வைத்திருக்கிறாராம். கோழியைக் காட்டுங்கள் என்றார். காட்டினேன். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். குனிந்து தொடப் போனார், கொத்து வாங்கினார். விரலைச் சப்பிக்கொண்டு, திருப்தியாகத் தலையாட்டினார்.

விலைக்குத் தரமாட்டேன் என்றேன். இரண்டு பலாப்பழம் சேர்த்துத் தருகிறேன் என்றார். அப்போதும் முடியாது என்றேன். முட்டை வேண்டுமானால் வாங்கிக்கொண்டு போய் அடை வையுங்கள், இவள் குணம் வந்தாலும் வரும் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. வண்டியில் ஏறி உட்கார்ந்தவர் திரும்பிப் பார்த்து, மனசு கேட்காமல் சொன்னார்: “முட்டை எப்பம்மா பொரிஞ்சு, எப்ப பெரிசாயி, எப்ப காவலுக்கு வர்றது? எனக்கு முந்திரி இந்த மாசமே பழுக்குதே!”

முள் வைக்கச் சொன்னவரும் மிளகாய்த்தூள் கரைக்கச் சொன்னவரும் ஆளுக்கொரு வழி காட்டி எனக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனதெல்லாம் யார் பேச்சையும் கேட்காத ஒரு கோழியால்தான் என்பதால், இப்போது யாராவது என்னிடம் நாய்க்கு யோசனை கேட்டு வந்தால் ஒரு டம்ளர் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுகிறேன்.