கூரை விழுந்த வீட்டுக்குக் கடன்

நேற்று தண்டையார்பேட்டையில் ஒரு பழைய வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். நனைந்த சுண்ணாம்பின் வாசனை மூக்கில் ஏறியதும் பஸ்ஸை விட்டுவிட்டு நின்றுவிட்டேன். கொருக்குப்பேட்டையில் நாங்கள் வீடு வாங்கிய நாட்களின் வாசனை அது. எப்படி வாங்கினோம் என்று கேட்டால் இன்றும் எனக்குக் குழப்பம்தான்.

அப்போது நான் துறைமுகத்தில் கன்டெய்னர்களைக் குறித்துக்கொள்ளும் குமாஸ்தா. எந்தக் கப்பலில் எந்தப் பெட்டி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வங்கிப் படிவம்தான் புரியாது. நாங்கள் வாங்க நினைத்த வீட்டின் சொந்தக்காரர் பஷீர் பாய்க்கு வண்ணாரப்பேட்டையில் பழைய இரும்பு வியாபாரம். அந்த வீட்டில் பாதிக் கூரை விழுந்திருந்தது; பக்கத்துத் தண்டவாளத்தில் ரயில் போனால் மீதியும் உதிரும். அதனால்தான் அது எங்கள் சக்திக்குள் வந்தது.

வங்கி அதிகாரி படிவத்தைத் திருப்பித் தந்தார். "குடியிருக்க முடியாத வீட்டுக்குக் கடன் கிடையாது சார். ரிப்பேர் பண்ணிட்டு வாங்க."

ரிப்பேருக்குக் கடன் கேட்டேன்.

"அது, வீடு உங்க பேர்ல இருந்தாதான்."

வீடு என் பேருக்கு வரத்தானே கடன் கேட்கிறேன்? ஆனாலும் எல்லாம் புரிந்தவன் போலத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

என் மனைவி செல்விக்கு மூன்று முறை விளக்கினேன். மூன்றும் வேறு வேறாக இருந்தன. "எனுக்கு மூள கொயம்புதுய்யா. நேரா பாயாண்டயே கேக்கலாம் வா," என்றாள்.

பாய் பொறுமையாகக் கேட்டார். சாவிக்கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றினார். "நீயே ரிப்பேர் பண்ணிக்கோ நைனா. அப்பால பேங்க்காரன் வந்து பாக்கட்டும். அதுவரிக்கும் வேற யாருக்கும் குடுக்க மாட்டேன்."

"எதுனா எழுதித் தர்றீங்களா பாய்?"

"இன்னாத்துக்கு? நான்தான் சொல்றேன்ல?"

செல்வியின் வளையல்களை விற்று, அடுத்தவர் பேரில் இருந்த வீட்டுக்குக் கூரை போட்டோம். அந்த மாதங்களில் பாய் இருமினாலே மருந்துக் கடைக்கு ஓடுவேன். கவலைப்பட்டது அவருக்காகவா, வீட்டுக்காகவா? அதுவும் தெரியவில்லை.

கூரை முடிந்தது, கடனும் கிடைத்தது. பத்திரப்பதிவு அன்று பாயின் மகன் அவரைத் தனியே இழுத்தான். "வாப்பா, இப்ப இந்த வூட்டுக்கு டபுளா குடுக்க ஆள் கீது." பாய் அவன் கையை விலக்கிவிட்டு வந்து கையெழுத்துப் போட்டார். ஏன் பாய் என்று கேட்க வாயெடுத்தேன். கூச்சத்தில் டீ வாங்கிக் கொடுத்ததோடு சரி.

அடுத்த வருஷமே பாய் போய்விட்டார். கடை இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிக் கட்டடம். வீடு எங்களுடையதாகிவிட்டது, கடனும் அடைந்துவிட்டது. அந்த ஒரு 'ஏன்'னைக் கேட்கத்தான் ஆளில்லை.