அத்தையின் செவ்வாய்

எங்கள் வீட்டில் செவ்வாயைத் திட்டாத நாளே கிடையாது. காரணம் என் அத்தை, அப்பாவின் கடைசித் தங்கை. இயற்பியல் பட்டம் முடித்துவிட்டு, சிவகாசியில் அப்பா நடத்திய பிரஸ்ஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் டிசைன் செய்துகொண்டிருந்தாள். மதுரைக்குப் போய் மேலே படிக்கிறேன் என்று கேட்டுப் பார்த்தாள். "மொதல்ல கல்யாணம். பெறகு அவுக படிக்க வச்சாப் படி" என்று பெரியப்பா முடித்துவிட்டார். கல்யாணமோ நடக்கிற வழியாக இல்லை. மாப்பிள்ளை வீட்டார் வருவார்கள், சாத்தூர் காராச்சேவைக் காலி செய்வார்கள், ஜாதகத்தை வாங்கிப் போவார்கள். நாலாம் நாள் போன் வரும். பெண்ணுக்கு ஏழில் செவ்வாய், தோஷ ஜாதகம், எங்களுக்குச் சரிவராது.

கொடுப்பதற்கு ஜாதகம் மட்டும் தாராளமாக இருந்தது. பிரஸ் வைத்திருக்கிற குடும்பம் ஜாதகத்தைக் கையால் எழுதிக் கொடுப்பதா என்று பெரியப்பாவுக்குக் கௌரவப் பிரச்சினை. பழைய நோட்டில் இருந்ததை அத்தையையே கம்ப்யூட்டரில் அடிக்கச் சொல்லி, மேலே பிள்ளையார் படத்தோடு ஆர்ட் பேப்பரில் இருநூறு பிரதிகள் ஓட்டிவிட்டார். ஒரு பெண்ணுக்கு இருநூறு எதற்கு என்று அம்மா கேட்டதற்கு, அதற்குக் கீழே ஓட்டினால் கட்டுப்படியாகாது என்றார்.

நம் நாடு முதன்முதலாகச் செவ்வாய்க்கு ராக்கெட் விட்டது, அந்த வருடத் தீபாவளி முடிந்த மூன்றாம் நாள். நான் ஐந்தாம் வகுப்பு. தீபாவளி முடிந்தால் எங்கள் பக்கம் கம்பெனிகளுக்கெல்லாம் லீவு. தாயில்பட்டியில் பட்டாசுக் கம்பெனி வைத்திருந்த பெரியப்பாவும் ஓய்வாக டிவி முன்னால் சாய்ந்திருந்தார். ராக்கெட் நெருப்பைக் கக்கிக்கொண்டு கிளம்பியதும், தொழில் தெரிந்தவர் தோரணையில் தலையை ஆட்டினார்.

"பெரியப்பா, இது எங்கன போயி வெடிக்கும்?" என்று கேட்டேன்.

"செவ்வாயிலதான். வேற எங்கன?" என்றார் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எங்கள் ஊரில் ராக்கெட் என்றால் மேலே போய் வெடித்தாக வேண்டும். வெடிக்காவிட்டால் அது நமுத்த சரக்கு, கடைக்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். இவ்வளவு பெரிய ராக்கெட் போய் வெடித்தால் செவ்வாய் தூள்தூளாகிவிடும். செவ்வாயே இல்லையென்றால் தோஷம் ஏது? அத்தை கல்யாணத்துக்கு எனக்கு என்ன நிறத்தில் பட்டுப்பாவாடை என்பது வரை அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

போய்ச் சேரப் பத்து மாதத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். நான் காத்திருந்தேன். ஊர் முழுக்கக் காலண்டர் அச்சடிக்கிற இடத்தில் நாள் கிழிப்பதற்கா கஷ்டம்? தினமும் காலையில் முதல் வேலையாகத் தாளைக் கிழித்துவிட்டுத்தான் பல் விளக்குவேன்.

ராக்கெட் போய்ச் சேர மூன்று நாள் இருக்கும்போது ஒரு வரன் வந்தது. விஸ்வநத்தம் பக்கம் சொந்தமாகப் பட்டாசுக் கம்பெனி. பையனுக்கும் ஏழில் செவ்வாய். தோஷத்துக்குத் தோஷம் சரியாகப் போயிற்று என்று பெரியப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. சீசன் உச்சத்தில் லோடு ஏற்றுவதை விட்டுவிட்டு அவர்கள் ஞாயிற்றுக்கிழமை கிளம்பி வந்ததிலேயே காரியம் பாதி முடிந்த மாதிரிதான். அத்தை காபி கொண்டுவந்தபோது டம்ளர்கள் கடகடவென்று ஆடின. வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன். தை மாதம் நாள் பார்க்கலாமா என்கிற வரை பேச்சு வந்துவிட்டது.

இவ்வளவு நாள் பொத்தி வைத்த நல்ல சேதியை அதற்கு மேலும் என்னால் அடக்க முடியவில்லை. நடுவில் போய் நின்று, "புதன்கிழமை வரைக்கும் பொறுங்க. அதுக்குள்ள எல்லாம் வெடிச்சிரும்! ஒண்ணும் மிஞ்சாது!" என்றேன்.

பட்டாசுக்காரர்கள் வீட்டில் நல்ல காரியம் பேசும்போது அந்தச் சொல்லை யாரும் எடுக்க மாட்டார்கள். எனக்கும் தெரியும். சந்தோஷத்தில் மறந்துவிட்டேன். மாப்பிள்ளையின் அம்மா டம்ளரைக் கீழே வைத்தார். "சீசன் நேரம். நூறு பேரு உள்ள ஒக்காந்து வேலை பாக்காக. பிள்ளை வாயில இந்தச் சொல்லு வரலாமா?" என்றார். கோபத்தைவிடப் பயம்தான் அவர் குரலில் இருந்தது. காராச்சேவைத் தொடாமலே எழுந்து போனார்கள். அதுவரை என்மேல் கை வைத்திராத பெரியப்பா அன்று கையை ஓங்கினார். அத்தை குறுக்கே வந்து நின்றாள். "சின்னப் பிள்ளைண்ணே, விடுங்க."

அத்தையின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேன் என்று மூன்று நாளும் சோறு இறங்கவில்லை. இனி அந்த ராக்கெட்தான் என்னைக் காப்பாற்ற வேண்டும்.

புதன்கிழமை காலை, பள்ளிச் சீருடையோடு டிவி முன்னால் நின்றேன். அத்தை என் தோளைப் பிடித்திருந்தாள். வரிசையாக உட்கார்ந்திருந்த விஞ்ஞானிகள் திடீரென்று எழுந்து கைதட்டினார்கள், கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை.

"வெடிக்கலையா?"

"வெடிச்சா அம்புட்டுத்தான் புள்ள! போற வேகத்தைக் கொறச்சு, செவ்வாயைச் சுத்தி வர வச்சிட்டாக. மொத தடவையிலயே!" அத்தையின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

நான் ஓவென்று அழுதேன். செவ்வாய் அப்படியே இருக்கிறது, உன் கல்யாணமும் போச்சு, எல்லாம் என்னால்தான் என்று ஏங்கி ஏங்கிச் சொன்னேன். அத்தை என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், நடுவில் சிரித்தாள். ஸ்கூட்டியில் என்னைப் பள்ளிக்குக் கூட்டிப்போகும் வழியில், காலை எட்டரை மணிக்குக் கோன் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தாள். எதற்கு என்று கேட்டேன். "சும்மா தின்னு" என்றாள்.

அதற்குப் பிறகு பெரியப்பா சலித்துப்போனார். "வீட்டுல சும்மா இருக்கதுக்குப் படிச்சாவது தொலையட்டும்" என்று அடுத்த வருடம் அவளை மதுரைக்கு அனுப்பினார். இன்றைக்கு அத்தை ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறாள். கல்யாணமும் ஆயிற்று, அவளே பார்த்துச் செய்துகொண்டது. அதற்கு யாரும் ஜாதகம் கேட்கவில்லை.

போன வருடம் அம்மாவுக்கு என் கல்யாணக் கவலை வந்து, என் ஜாதகத்தைத் தேடி பீரோவைக் குடைந்தபோது அந்தப் பழைய நோட்டு கிடைத்தது. என் பக்கத்துக்கு முந்தின பக்கம் அத்தையுடையது. அதில் செவ்வாய் ஆறாம் கட்டத்தில் இருந்தது. ஆறில் இருந்தால் தோஷமே இல்லை. அடியில் கிடந்த ஆர்ட் பேப்பர்க் கட்டிலிருந்து ஒன்றை உருவிப் பார்த்தேன். பிள்ளையார் படம், சிவப்புப் பார்டர், ஏழாம் கட்டத்தில் செவ்வாய்.

உடனே போன் செய்தேன். கட்டம் மாறியிருப்பதைச் சொன்னேன். மறுமுனையில் அத்தையின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"எல்லாரும் கட்டத்தைத்தான் பாத்தாக. பஞ்சாங்கத்தைப் பொரட்டிப் பாத்தவுக ஒருத்தரும் இல்ல. அந்த விஸ்வநத்தத்து ஆளுககிட்டதான் மாட்டிருப்பேன். நல்லவேளை, நீ வாயத் தொறந்த."

நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டு செவ்வாயைப் போய்ச் சேர்ந்த அந்தக் காலையில், அதை எப்போதோ ஒரு கட்டம் நகர்த்தி வைத்துவிட்டவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். எனக்கு அது தெரியவில்லை. அவளும் கல்யாணம் போனதற்காகத்தான் அழுகிறாள் என்று நினைத்து, உருகி வழிந்த ஐஸ்கிரீமோடு நானும் அழுதுகொண்டே பள்ளிக்கூடம் போனேன்.