எங்கள் சனாதிபதியின் தொனி

அந்த மனிதரைச் சனாதிபதி ஆக்கியவள் நான்தான். வாக்குப் போட்டு அல்ல, மொழிபெயர்த்து.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் சில வருடங்கள் அவை. மொன்றியலில், கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரு பழைய மாடிக் கட்டடத்தில் குடியிருந்தேன். பின்னேரங்களில் டோர்வல் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், பயணிகளுக்கான சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கும் வேலை. சனி, ஞாயிறுகளில் தமிழ்க் கடை வாசலில் இலவசமாகக் குவித்து வைக்கும் பதினைந்து நாள் பத்திரிகை ஒன்றுக்குச் செய்தி எழுதினேன், தட்டச்சுச் செய்தேன், பிழையும் விட்டேன். மன்னாரில் கன்னியாஸ்திரிகளிடம் படித்த இங்கிலீசும், இங்கே வகுப்பில் ஆறு மாதம் படித்த பிரெஞ்சும் கைவசம் இருந்தபடியால் மொழிபெயர்ப்புப் பிரிவு முழுவதும் நான் ஒருத்திதான்.

அந்த வருடத் தைப்பொங்கலை எங்கள் தமிழ்ச் சங்கம் கத்தோலிக்கக் கோயில் ஒன்றின் பேஸ்மன்ட்டில் கொண்டாடியது. பால் பொங்கும் நேரம் பார்த்துப் புகை மணியும் அடித்தது. நாங்கள் பொங்கலோ பொங்கல் என்று கத்திக்கொண்டிருக்க, தீயணைப்புப் படை கோடரியோடு படியிறங்கி வந்தது. எங்களில் பாதிப்பேர் அதுவும் நிகழ்ச்சி நிரலில் உள்ளதென்று நினைத்துக் கைதட்டினார்கள். அடுத்த கிழமை வட்டாரத்துப் பிரெஞ்சுப் பத்திரிகையில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி வந்தது. சங்கத்தின் பிரெசிதான் மன்னிப்புக் கேட்டார் என்று அதில் இருந்தது. அகராதியைப் புரட்டினேன். முதல் பொருள் சனாதிபதி. அப்படியே தலைப்பில் போட்டேன்: தீயணைப்புப் படையிடம் சனாதிபதி மன்னிப்பு.

தலைவர் என்று தமிழில் ஒரு சொல் இருப்பது, பத்திரிகை அச்சாகி வந்த பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. எங்கள் சனத்துக்கும் சனாதிபதி என்ற சொல்லுக்கும் இருந்த உறவை விளக்கத் தேவையில்லை. கொழும்பில் அந்தக் கதிரையில் யார் இருந்தாலும் இங்கே தேத்தண்ணியோடு சேர்த்துத் திட்டுவார்கள். அந்தப் பட்டத்தைத்தான், விமானத்தின் வயிற்றுக்குள் பெட்டி ஏற்றிப் பிழைக்கிற ஒரு மட்டக்களப்பு மனிதருக்கு நான் சூட்டிவிட்டேன். திருத்தம் போடுவோம் என்றேன். எங்கள் ஆசிரியர் மறுத்தார். அவர் கிழமை நாட்களில் துறைமுகத்தில் கொள்கலன் லொறி ஓட்டுகிறவர், செய்தியையும் பாரத்தை வைத்தே எடை போடுவார். அந்த இதழ் மத்தியானத்துக்கு முன்னமே கடையில் முடிந்துபோனதாம். பிறகு எதற்குத் திருத்தம்?

கோயில் அலுவலகம், இனிமேல் பேஸ்மன்ட்டில் நெருப்பு மூட்டக்கூடாது என்று கடிதம் அனுப்பியது. அன்றோடு சங்கம் இரண்டாகப் பிளந்தது. ரைஸ் குக்கரில் உள்ளேயே பொங்கலாம் என்றது உட்கட்சி. அதற்குத் தலைவர் எங்கள் சனாதிபதி. கார் தரிப்பிடத்தில் பனியை வழித்துத் தள்ளி, விறகு வைத்து, சூரியனைப் பார்த்துத்தான் பொங்க வேண்டும் என்றது வெளிக்கட்சி. அதற்குத் தலைவர் யாழ்ப்பாணத்தில் கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்ற ஒரு மாஸ்டர். ரைஸ் குக்கர் பொங்காது, கிளிக் என்று சொல்லிவிட்டு நின்றுவிடும் என்பது வெளிக்கட்சியின் வாதம். சனவரியில் மொன்றியலில் சூரியனே வெளியே வரப் பயப்படுகிறது என்பது உட்கட்சியின் பதில். இதில் கழுத்து நரம்பு புடைக்கச் சண்டை பிடித்தவர்களில் பலர் என்னைப் போல வேதக்காரர், கிறிஸ்தவர்கள். எங்களுக்குப் பொங்கல் எங்கே பொங்கினால்தான் என்ன? ஆனாலும் குளிர்காலம் நீளமானது, மனிதருக்கு ஏதாவது வேண்டியிருக்கிறது.

சண்டையில் பெரிய விசயமாகப் போனது பொங்கல் அல்ல, சனாதிபதியின் தொனி. ஒலிவாங்கியைப் பிடித்தாரென்றால் பேஸ்மன்ட் அதிரும். அவர் வணக்கம் சொன்னாலே யாரையோ மிரட்டுவதுபோல இருக்கும். கேட்ட கேள்விக்குப் பதில் வராது, கேட்காத கேள்விக்கு இடி மாதிரி ஒரு பதில் வரும். எங்கள் பத்திரிகை அதைத் தலைவரின் போர்முழக்கம் என்று எழுதியது. வெளிக்கட்சிப் பக்கம் சாய்ந்த மற்றத் தமிழ்ப் பத்திரிகை சர்வாதிகாரத் தொனி என்று எழுதியது. சனிக்கிழமை வானொலி ஒரு மணி நேரத்தில் நாற்பது நிமிடம் விளம்பரம் போட்டுவிட்டு, மிச்ச இருபது நிமிடமும் அவருடைய தொண்டையை ஆராய்ந்தது. எல்லைக்குத் தெற்கே அமெரிக்க ஜனாதிபதி தொலைக்காட்சியில் உறுமிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் ஆள் அவரைப் பார்த்துத்தான் பழகுகிறார் என்று வானொலியில் ஒருவர் அடித்துச் சொன்னார். எங்கள் ஆளின் வீட்டுத் தொலைக்காட்சி பழுதாகி இரண்டு வருடம் என்பது எனக்குத் தெரியும்.

எப்படித் தெரியும் என்றால், நான் தினமும் வேலைக்குப் போனது அந்தச் சனாதிபதியின் காரில். பஸ் பிடித்து, மெட்ரோ பிடித்து, திரும்பவும் பஸ் பிடித்துக் குளிரில் டோர்வலுக்குப் போவதற்குள் மனுசி உறைந்துவிடுவாள். அவர் என் கட்டட வாசலில் வந்து ஹோர்ன் அடிப்பார், நான் போய் முன்சீட்டில் ஏறுவேன். கூட்டத்தில் கர்ச்சிக்கிற அந்த மனிதர் காரில் பூனை. ஊரிலிருக்கும் மனைவியைப் பற்றியும் இரண்டு பிள்ளைகளைப் பற்றியும் கதைப்பார். அவர்களைக் கனடாவுக்குக் கூப்பிடுவதற்கு விண்ணப்பம் போட்டிருந்தார். அதற்கு வேலையிடத்துக் கடிதம் வேண்டியிருந்தது.

ஒரே ஒரு குறைதான். நான் சொல்வதை அவர் மதிப்பதே இல்லை. மழை வரும்போல இருக்கு அண்ணை என்பேன், ஓம் பிள்ளைகளுக்கும் அதுதான் விருப்பம் என்பார். எனக்குக் கோபம் வரும். பெண்பிள்ளை சொல்வதைக் காதில் எடுக்கிறதில்லை, இந்தத் திமிர்தான் மேடையிலும் வருகிறது என்று உள்ளுக்குள் ஒரு கட்டுரையே எழுதி வைத்திருந்தேன்.

ஒரு நாள் நெடுஞ்சாலையில் ஏறினோம். அவர் போட்ட சிக்னல் டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருந்தது. அந்தக் காரில் உள் விளக்குகளில் பாதி எரியாது, அதனால் கண்ணுக்குத் தெரியவில்லை. காதுக்குக் கேட்கவேண்டுமே? டோர்வல் வரைக்கும் டிக் டிக். பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்துத் தூஷணத்தில் வாழ்த்திவிட்டுப் போனார்கள். அவர் நிம்மதியாக மட்டக்களப்பு வாவியைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வந்தார்.

காரை நிறுத்தியதும் அவர் முகத்துக்கு முன்னே போய், காது கேட்கிறதில்லையா என்று கேட்டேன். சாவியைக் கழற்றிக் கையில் எடுத்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். பத்து வருடமாக விமான இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றதில் வலது காது முற்றாகப் போய்விட்டதாம். இடது காதுதான் கொஞ்சம் உதவுகிறதாம். வேலையிடத்தில் வருடா வருடம் காதைச் சோதிப்பார்களாம். சோதிக்கிற பெண் பொத்தானை அமத்தும்போது அவளுடைய தோள் ஒரு சொட்டு அசையுமாம். இவர் அந்தத் தோளைப் பார்த்துக் கையைத் தூக்குவாராம். தெரிந்தால் வேலையிலிருந்து நிற்பாட்டிவிடுவார்கள், கடிதமும் கிடைக்காது, குடும்பமும் வராது. கூட்டத்தில் தன்னுடைய குரலே தனக்குக் கேட்கிறதில்லை, அதனால்தான் அவ்வளவு பலமாகக் கதைப்பதாகவும் சொன்னார்.

"சண்டைக்காரன் எண்டு எழுது புள்ள, பறுவாயில்ல," என்றார். "செவிடன் எண்டு மட்டும் எழுதிராத."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இத்தனை பேர் சேர்ந்து அலசிய தொனிக்கு விளக்கம் ஒரு காது. அது தெரிந்த பத்திரிகைக்காரி நான் மட்டும், எனக்கோ எழுத வழியில்லை.

மாசி மாதத்தில் பொதுக்கூட்டம். மாஸ்டர் சனாதிபதிக்கு வலது பக்கமாக எழுந்து நின்றார். நான் முன்வரிசையில் கொப்பியோடு இருந்தேன். மாஸ்டருக்கும் சண்டை அலுத்துப் போயிருக்க வேண்டும், அன்றைக்கு மிகவும் பணிவாகவே சொன்னார்.

"தலைவர், எல்லாருமாச் சமரசத்துக்கு வருவம்."

பின்னால் பிள்ளைகள் பிரெஞ்சில் கத்திக்கொண்டு ஓடினார்கள். ஒலிபெருக்கி கீச்சிட்டது. சனாதிபதியின் முகத்தைப் பார்த்த உடனேயே எனக்கு விளங்கிவிட்டது. சொல்லின் முன்பாதிதான் அவரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஊர்ப் போரைச் சமர் என்று எழுதாத இதழ் அந்த நாட்களில் எங்களிடம் கிடையாது. அந்தச் சொல் எல்லோருடைய காதிலும் குடியிருந்தது, செவிட்டுக் காதில் கூட.

"சமருக்கு வாறீங்களா? வாங்க," என்று பேஸ்மன்ட் அதிர முழங்கினார். "நான் எப்பவும் றெடி."

உட்கட்சி எழுந்து நின்று கைதட்டியது. வெளிக்கட்சி கதிரைகளைத் தள்ளிக்கொண்டு எழும்பியது. மாஸ்டர் மட்டும் வாயைத் திறந்தபடி நின்றார், பாவம். அடுத்த இதழில் எங்கள் ஆசிரியர் முதல் பக்கம் முழுவதும் போட்டார்: சமருக்குத் தயார், தலைவர் அறைகூவல். மற்றப் பத்திரிகை சமாதானக் கையைத் தட்டிவிட்ட சர்வாதிகாரி என்று போட்டது. வானொலி அன்றைக்கு விளம்பரத்தையே குறைத்துக்கொண்டது. இரண்டு கிழமையில் நம்பிக்கையில்லா வாக்கெடுப்பு என்று முடிவானது.

ஒரு வரி எழுதினால் அவர் தப்புவார். அதே வரியில் அவருடைய குடும்பம் வராமல் போகும். நான் எழுதவில்லை. பதிலாக ஒரு யோசனை சொன்னேன். கூட்டக் குறிப்பு எழுதுகிறவள் என்ற பெயரில் அவருக்கு இடப்பக்கம் கதிரை போட்டு உட்காருகிறேன். யார் என்ன சொன்னாலும் அப்படியே இடது காதில் சொல்கிறேன். அவர் கேட்டுவிட்டு ஆறுதலாகப் பதில் சொன்னால் போதும். கெட்டிக்கார யோசனை என்று இருவரும் நினைத்தோம்.

வாக்கெடுப்பு நாள் முதல் அரை மணி நேரம் அற்புதமாகப் போனது. மாஸ்டர் கேட்டார், நான் ஓதினேன், சனாதிபதி மெதுவாக, அழகாகப் பதில் சொன்னார். உள்ளே ஒரு பானை, வெளியே ஒரு பானை வைத்தால் என்ன என்று கூடக் கேட்டார். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்த மனிதருக்கு இப்படி ஒரு குரல் இருக்கிறதென்று அந்த மண்டபத்தில் என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பெருமை வந்தால் எனக்குப் புத்தி வேலை செய்யாது.

பின்னால் இருந்த உட்கட்சி முணுமுணுக்கத் தொடங்கியது. சொந்தக் கட்சிக்காரர், அவரைக் கையைப் பிடித்து அந்தக் கதிரையில் இருத்தியவர்கள். ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. கேட்டதையெல்லாம் ஒரு சொல் விடாமல் ஓதிப் பழகிய வாய், யோசிக்க முன்னமே அதையும் அவருடைய இடது காதுக்குள் போட்டுவிட்டது.

"கத்துறதுக்கு ஒரு ஆள் வேணுமெண்டுதானே இவரைப் போட்டனாங்கள். இதுகும் இல்லாட்டி இந்தாள் என்னத்துக்கு?"

ஒலிவாங்கிக்குப் போன அவருடைய கை நடுவழியில் நின்றது. திரும்பிப் பின்னால் பார்த்தார். எல்லோரும் சிரித்த முகத்தோடு இருந்தார்கள். வருடக்கணக்காக அவர் பார்த்தது அந்தச் சிரிப்பைத்தான், சத்தமில்லாமல். நான் அன்றைக்குத்தான் அதற்குச் சத்தம் சேர்த்துக் கொடுத்தேன். என் நாக்கைக் கடித்துத் துப்பலாம் போல இருந்தது.

கை உயர்த்தி வாக்கெடுத்தார்கள். அவரைத் தோற்கடித்தது வெளிக்கட்சி அல்ல. அவருக்காகக் கை உயர்த்தச் சொன்னபோது அவருடைய ஆட்களில் பாதிப்பேர் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். மாஸ்டர்தான் தலைவரானார். அவர் இவரிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னார். வலது பக்கமாக நின்று சொன்னார். இவர் தலையை ஆட்டினார். மற்றப் பத்திரிகை சனாதிபதி பணிந்தார் என்று எழுதியது. எங்கள் பத்திரிகையில் ஆசிரியர் தானே உட்கார்ந்து, தலைவரின் காதில் ஓதி அவரைக் கவிழ்த்த பெண் யாருடைய ஆள் என்று எழுதினார். அந்தப் பெண்ணே அதைத் தட்டச்சுச் செய்தாள், ஒரு பிழையும் விடாமல். அதுதான் நான் அங்கே செய்த கடைசி வேலை.

வாக்கெடுப்புக்கு அடுத்த நாள் வேலைக்குப் பஸ்ஸில் போவதென்று முடிவெடுத்துக் காதை மூடிக் கட்டிக்கொண்டு இறங்கினேன். வாசலில் கார் நின்றது. முன்கதவைத் திறக்கப் போனேன். அவர் கையால் மறித்துப் பின்சீட்டைக் காட்டினார். இனி முகம் பார்க்கப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு பின்னால் ஏறி வலப்பக்க மூலையில் ஒடுங்கினேன். அங்கே இல்லை, இங்கால வா என்று அவர் தன் முதுகுக்குப் பின்னால், இடப்பக்கம் காட்டினார். அங்கிருந்து கதைத்தால்தான் நல்ல காதுக்கு வருமாம். முந்திய இரவு முழுக்க யோசித்துக் கண்டுபிடித்ததாம்.

அவருடைய வேலையிடத்துக் கடிதம் சித்திரையில் கிடைத்தது. அதுவரைக்கும், அதற்குப் பிறகும், நான் பின்சீட்டில் மந்திரி மாதிரிப் போனேன். சனாதிபதியையே சாரதியாக வைத்திருக்கிறாள் என்று கடை வாசலில் பேசிக்கொண்டார்கள்.

ஆனால் அந்த முதல் நாள் நான் ஒன்றும் கதைக்கவில்லை. நெடுஞ்சாலையில் ஏறினோம். டிக் டிக் சத்தம் நிற்கவில்லை. எவ்வளவோ நேரம் பொறுத்துக்கொண்டிருந்தேன். பிறகு முன்னால் குனிந்து, இத்தனை நாள் வலப்பக்கத்திலிருந்து கத்திப் பழகிய அதே தொண்டையால் கத்தினேன்.

"அண்ணை, நேற்றைக்கு நான் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. சிக்னலையும் நிப்பாட்டுங்கோ."

அவர் துள்ளி விழுந்தார். கார் ஒருதரம் ஆடிவிட்டு நேரானது. சிக்னலை அணைத்துவிட்டு, கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"மெதுவாக் கதை புள்ள," என்றார். "நான் என்ன செவிடனா?"