மஜீத் நானா எடுத்த கறுப்புப் படம்

மஜீத் நானா போய்விட்டார்.

குறிஞ்சாக்கேணியில் இருந்து அவருடைய மகள் காலையில் போன் எடுத்தார். "வாப்பா சுபஹுத் தொழுகைக்குப் பிறகு மௌத்தாகிட்டார் அன்ரி. அஸர் தொழுகையோட அடக்கம்."

இந்தப் பதிவுக்கு மேலே இருக்கிற கறுப்புப் படத்தைத் துக்கத்துக்குப் போட்டது என்று நினைப்பீர்கள். இல்லை. அது நானா தன் கமராவால் எடுத்த போட்டோ. என் கல்யாணப் படம்... சொல்கிறேன்.

எழுபதுகளில் திருகோணமலைத் துறைமுகத்தடியில் ஒரு கந்தோரில் நான் ரைப்பிஸ்ட். கப்பலில் வந்த சாமான் நனைந்தாலும் கிழிந்தாலும் போய்ப் பார்த்து அறிக்கை எழுதுகிற கந்தோர். நானா படம் பிடிப்பார், நான் அதற்குக் கீழே விபரம் அடிப்பேன்.

கழுத்தில் எப்போதும் ஒரு பழைய ஜெர்மன் ரேஞ்ச்ஃபைண்டர் கமரா. வெள்ளைக்காரக் கடற்படைக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனதாம்.

அதில் கண் வைத்துப் பார்க்கிற ஜன்னல் வேறு, படம் பிடிக்கிற லென்ஸ் வேறு. ஜன்னலின் நடுவில் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். லென்ஸைத் திருப்பத் திருப்ப இரண்டும் நெருங்கி ஒன்றாகிவிட்டால் ஃபோகஸ் சரி.

திங்கட்கிழமைகளில் ஜெற்றியில் நின்று, லென்ஸைக் கடைசித் தூரத்துக்குத் திருப்பி வைத்து, தூரத்தில் நங்கூரம் போட்டிருக்கும் கப்பலின் கொடிமரத்தை அதற்குள்ளால் பார்ப்பார். இரண்டு கொடிமரம் தெரிந்தால் முகம் கறுத்துவிடும். குட்டித் திருப்புளியால் உள்ளே ஒரு ஆணியை மயிரிழை திருப்பிவிட்டு என்னைக் கூப்பிடுவார்.

"தங்கச்சி, உங்கட கண் நல்ல கண். கொடிமரம் ஒண்டா, ரெண்டா?"

நான் "ஒண்டு" என்று சொன்ன பிறகுதான் அன்றைய வேலைக்குப் போவார்.

உப்புக்காற்றில் லென்ஸ் பூஞ்சணம் பிடித்துவிடும் என்று, ஒரு பிஸ்கட் ரின்னுக்குள் ஈரம் உறிஞ்ச வறுத்த அரிசிப் பொட்டலத்தோடு கமராவை வைத்திருப்பார். "நானா, கமராவுக்குச் சாப்பாடு குடுத்தாச்சோ?" என்று நாங்கள் சீண்டுவோம். "ஓம், அது வேலை செய்யுதுதானே" என்பார்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. ஒவ்வொரு படம் எடுத்ததும் உடனே லென்ஸுக்கு மூடி போட்டுவிடுவார். உள்ளே பிலிமை மறைத்திருப்பது துணித் திரை. லென்ஸ் வழியாக வெயில் விழுந்தால் அது எரிந்து ஓட்டையாகிவிடும்.

ஒருமுறை கந்தோரின் பெரிய சேர் அந்தக் கமராவை வாங்கிப் பார்த்துவிட்டு, மூடி போடாமல் வெயிலில் மல்லாத்தி வைத்துவிட்டார். "சேர், அப்பிடி வைக்க ஏலாது. திரை எரிஞ்சா கொழும்பிலயும் திருத்த ஆளில்ல!" என்றார் நானா. பெரிய சேர் உடனே கவிழ்த்து வைத்தார். அன்றைக்கு எனக்கு நானாமீது வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை.

என் கல்யாணம் நிலாவெளியில், எங்கள் வீட்டுப் பந்தலில். பிலிம் தேடினாலும் கிடைக்காத காலம். ஒரு கப்பல் இஞ்சினியர் கொடுத்த ஒரேயொரு ரோலை நானா எனக்கென்று அரிசி ரின்னுக்குள் ஒளித்து வைத்திருந்தார்.

அப்பா முன்பே தவறிவிட்டார். அதனால் தாலி கட்டும்போது அம்மா முன்னுக்கு வரக்கூடாது என்று சொந்தக்காரர் சொல்லிவிட்டார்கள். அம்மாவும் குசினிக்குள் போய் அடுப்படியில் நின்றுகொண்டார். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

முதல்நாளே அம்மா நானாவைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். "தம்பி, தாலி கட்டுற படத்தை மட்டும் வடிவா எடுத்துத் தாங்கோ. நான் அதிலதான் பாக்கவேணும்."

பந்தல் கிடுகு இடுக்கால் வெயில் விழுந்துகொண்டிருந்தது. நானா வழக்கம்போல மூடியைப் போட்டுக்கொண்டு காத்து நின்றார். கெட்டிமேளம்... கமராவைக் கண்ணுக்குத் தூக்கினார். ஜன்னலுக்குள் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. மூன்று படம் எடுத்தார்.

பிறகு மூடியைப் போடக் கை போனது. மூடி போட்டபடியே இருந்தது.

இதெல்லாம் அவரே வந்து சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். நாலாம் நாள் வந்தார். பிலிம் பழுது, கழுவின இடத்தில் பிழை என்று சொல்லியிருந்தால் அப்படியே நம்பியிருப்போம். அவரோ அந்த வெறும் நெகட்டிவில் ஒன்றையும் பிரின்ட் போட்டு எடுத்துவந்து அம்மாவிடம் நீட்டினார்.

"பிலிம்ல பிழை இல்லம்மா. நான்தான் மூடியைக் கழட்டல்ல."

நான் அழுதுவிட்டேன். அம்மா அழவில்லை. ஒரு கதிரையை இழுத்து அவருக்கு முன்னால் போட்டார்.

"நீங்கள் பாத்தனீங்கள்தானே தம்பி? இருந்து சொல்லுங்கோ."

நானா சொன்னார். மாப்பிள்ளையின் கை நடுங்கியது. முதல் முடிச்சு வழுக்கியது. மச்சாள் குனிந்து பிடித்துக் கொடுத்தார். எறிந்த அறுகரிசியில் ஒன்று என் நெற்றியில் ஒட்டியது...

"சனமெல்லாம் மாப்பிள்ளையைப் பாத்துக்கொண்டு நிண்டது. தங்கச்சி ஒருக்கா நிமிந்து குசினிப் பக்கம் பாத்தா. உங்களைத்தான் தேடினா, அம்மா."

அதை ஒருவரும் காணவில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"அதைத் திரும்ப ஒருக்காச் சொல்லுங்கோ" என்றார் அம்மா. நானா திரும்பவும் சொன்னார்.

அந்தக் கறுப்புப் படத்தை அம்மா ஆல்பத்தின் முதல் பக்கத்தில் ஒட்டினார். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் விரல் வைத்துக் காட்டுவார். "இந்தா, இதில மருமகனுக்குக் கை நடுங்குது. இந்த மூலையில பாருங்கோ... என்ர பிள்ளை என்னைப் பாக்கிறாள்."

வந்தவர்கள் குனிந்து பார்ப்பார்கள்.

போயிட்டு வாங்க நானா. அம்மா கடைசிவரை அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.