பாக்கியம் அக்கா செய்த இருபத்தொரு முதுகுகள்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, குன்னூரில் நான் பணிபுரியும் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது நடுவட்டத்திலிருந்து யோகராஜ் பேசினார். "ஹெலன் அக்கா, எங்க அக்கா போயிட்டாங்க. நெஞ்சு வலிக்குதுன்னாங்க. கூடலூர் போறதுக்குள்ள வண்டியிலயே முடிஞ்சுருச்சுங்க."

அவருடைய அக்கா பாக்கியம் அவர்களும் நானும் சமவெளியில் ஒரு நுண்கலைக் கல்லூரியில் சுடுமண் கலையில் முதுகலை படித்தவர்கள். வகுப்பில் மொத்தம் ஐந்து பேர். நீலகிரியிலிருந்து போனவர்கள் நாங்கள் இருவர்தாம். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது, அவருக்கு முப்பத்தைந்து. இலங்கையிலிருந்து திரும்பி வந்து நடுவட்டத்துத் தேயிலைத் தோட்டத்தின் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசைவீடுகளில், குடியேறிய குடும்பம் அவருடையது. தாயார் கொழுந்து பறித்தார். அக்கா ஓவியத்தில் பட்டம் பெற்று, பத்தாண்டுகள் பள்ளி ஆசிரியையாக இருந்துவிட்டு, விடுப்பு எடுத்துக்கொண்டு படிக்க வந்திருந்தார்.

நிரந்தர வேலை இருக்கும்போது இந்த வயதில் இந்தப் படிப்பு எதற்கு என்று நேர்முகத் தேர்வில் துறைத் தலைவர் கேட்டாராம். "பத்து வருசமா பிள்ளைங்களுக்குப் பூச்சாடி வரையச் சொல்லிக் குடுத்தேனுங்க. ஒரு சாடிகூட நான் செஞ்சதில்லை. அது சரியில்லைன்னு பட்டதுங்க" என்று அக்கா சொன்னாராம். துறைத் தலைவரே பின்னாளில் எங்களிடம் சொன்னது இது.

முதல் பருவத்திலேயே ஊரிலிருந்து இரண்டு மூட்டை செம்மண் கொண்டுவந்தார். எங்கள் சூளையின் சூட்டை அந்த மண் தாங்காது என்று எல்லோரும் சொன்னோம். அவர் கேட்கவில்லை. சூளையைத் திறந்தபோது அவருடைய ஆறு ஜாடிகளும் பாகாக உருகிக் கிடந்தன. கீழ்த்தட்டில் இருந்த என் வேலையின் மேலும் வழிந்து ஒட்டியிருந்தன. என் மூன்று மாத உழைப்பு. நான் அழுதேன், அவரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டேன்.

நான்காம் நாள், பாழான என் வேலையை என்னிடமே எடுத்துவந்தார். "நீ கோவிச்சுக்கிறது நியாயந்தான் ஹெலன். ஆனா இந்த எடத்தை மட்டும் பாரு." செம்மண் வழிந்த இடம் கண்ணாடிபோல் இறுகிக் கறுப்பும் பழுப்புமாக மின்னியது. "மண்ணு மேல தப்பில்லை. நாந்தான் அதுகிட்டத் தப்பான வேலையக் கேட்டுட்டேன்."

அன்றுமுதல் அந்த மண்ணை அவர் மேற்பூச்சாக மாற்றத் தொடங்கினார். தேயிலை ஆலை அடுப்பின் சாம்பலைச் சலித்து அதில் கலந்து, அளவை மாற்றி மாற்றி, சிறு வில்லைகளில் பூசிச் சுட்டுப் பார்த்தார். எட்டு மாதங்கள் இது நடந்தது. பலகைகளில் இடமில்லாமல் என் மேசையிலும் அவருடைய வில்லைகள் ஏறின. கடைசியில் அவர் தேடிய நிறம் வந்தது: மேட்டில் கறுப்பு, மடிப்பில் மெல்லிய பச்சை.

இறுதித் தேர்வுக்கு அவர் வைத்தவை இருபத்தொரு முதுகுகள். தலை இல்லை, கை இல்லை. கழுத்திலிருந்து இடுப்புவரை, கொழுந்து மூட்டை சுமக்கும் பெண்களின் குனிந்த முதுகுகள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஒரே உருவத்தை இருபத்தொரு முறை செய்திருக்கிறீர்கள். இது கைத்தொழில். கலை எங்கே இருக்கிறது?" என்றார்.

அந்த நேரத்தில் அவருடைய தாயார் உள்ளே வந்துவிட்டார். மகளின் வேலையைப் பார்க்க ஊரிலிருந்து பேருந்து ஏறி வந்தவருக்கு அங்கே தேர்வு நடப்பது தெரியாது. வரிசையோரமாக நடந்தபடி, பக்கத்தில் நின்றவரிடம், அதாவது தேர்வாளரிடமே, சொல்லிக்கொண்டு போனார். "இது செல்லம்மா. எடது தோளு எறங்கியிருக்கு பாருங்க. இது மேல் லயத்துக் காளியம்மா, மாசமா இருக்கையில இப்பிடித்தான் நிப்பா. இது எங்க நாத்தனா."

தேர்வாளர் குறிப்பேட்டை மூடிவிட்டு அவர் பின்னாலேயே நடந்தார். வரிசை முடிந்ததும், "உங்க முதுகு எதும்மா?" என்று கேட்டார்.

"எம் முதுக நான் எங்கங்க கண்டேன்?"

அக்கா வந்து தாயாரின் கையைப் பிடித்து ஒன்பதாவது உருவத்தின் மேல் வைத்தார். தாயார் மெல்லத் தடவினார். "இம்புட்டு வளைஞ்சா போச்சு" என்றார். தேர்வாளர் அக்காவிடம் திரும்பி, "நான் கேட்டதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்" என்றார். அந்த ஆண்டு துறையில் முதலிடம் அக்காவுக்குத்தான். என் பெயர் எத்தனையாவதாக இருந்தது என்பதை அன்று நான் பார்க்கக்கூட மறந்துபோனேன்.

அதே கல்லூரியில் ஆசிரியப் பணி தருவதாகச் சொன்னார்கள். அக்கா நடுவட்டத்துக்கே திரும்பினார். பள்ளிக்கூட வேலை போக மீந்த நேரத்திலும், ஓய்வு பெற்றபின் நாள் முழுவதும், வீட்டின் பின்னால் கட்டிய சூளையில் முப்பது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக வேலை செய்தார். பெருநகரங்களில் அவருடைய படைப்புகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. அவரைத் தேடி வருபவர்கள் பேருந்து நிறுத்தத்தில் வழி கேட்டால், "நம்ம டீச்சர் ஊடுங்களா? வாங்க, நானே கூட்டீட்டுப் போறேன்" என்று டீக்கடைக்காரர் கடையை விட்டு இறங்கிவிடுவார்.

புதன்கிழமை அடக்கம் முடிந்தபின் யோகராஜ் என்னைத் தனியே அழைத்தார். திங்களன்று அக்கா சூளை வைத்திருந்தார், திறக்க ஆளில்லை. நான் திறந்தேன். உள்ளே இளஞ்சூடு இருந்தது. இரு கைகளாலும் அணைத்துத் தூக்கும் அளவுக்கு ஒரு பெரிய அகன்ற கிண்ணம், ஒரு விரிசலும் இல்லாமல். விரலால் சுண்டினேன். கணீரென்று ஒலித்தது.

வாசலில் உட்கார்ந்திருந்த தாயார் குரல் கொடுத்தார். "நல்லா வந்திருக்கா பிள்ளை?"

"நல்லா வந்திருக்கும்மா."

போய் வாருங்கள், அக்கா.