டிரையர் சுஜாதாவின் மேகம்

வானம் கறுத்தால் குன்னூரில் எல்லோரும் காயப்போட்ட துணியை எடுக்க ஓடுவார்கள். சுஜாதா கேமராவை எடுக்க ஓடுவாள். தேயிலை ஃபேக்டரியில் தூளை உலர்த்தும் டிரையரைப் பார்த்துக்கொள்கிறவளுக்கு இப்படியொரு கிறுக்கு. செகண்ட் ஹாண்டில் கேமரா வாங்கி ஏழு வருஷமாகிறது. இதுவரை ஒரு ரோஜாப்பூவைக்கூட எடுத்ததில்லை. மலைமேல் கவிழும் மேகம், மேகத்தைக் கிழிக்கும் மின்னல், இவைதான் அவளுக்குப் படம்.

இந்த வருஷம் அவளுக்கு அதிர்ஷ்டம் அடித்தது. ஃபேக்டரி காலண்டருக்கு எப்போதும் வெளியூரில் படம் வாங்கும் மேனேஜர் தரணிதரன், ஒரு மாதத்துப் பக்கத்தை அவளுக்கு ஒதுக்கியிருந்தார், நல்ல படம் தந்தால் என்ற நிபந்தனையோடு. இருந்ததையெல்லாம் காட்டியாயிற்று, எதுவும் அவர் மனசுக்குப் பிடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு எல்லாம் அச்சகத்துக்குப் போய்விடும்.

அந்த வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு மேட்டுப்பாளையம் பக்கமிருந்து ஏறி வந்தது பாருங்கள், ஒரு மேகம்! பக்காசுரன் மலைக்கு மேலே வானம் மை கொட்டினாற்போல் கறுத்தது. அதன் அடியில் வெயில் மட்டும் ஒரு பட்டையாகத் தேயிலைச் சரிவில் விழுந்து தகதகவென்றது. சுஜாதாவுக்குப் புல்லரித்தது. சூப்பர்வைசர் நெல்சனிடம் பத்து நிமிஷம் கேட்டு டிரையரை அவர் தலையில் கட்டிவிட்டு, வெளியே செக்யூரிட்டி அறையில் கிடந்த கேமராவோடு ஓடினாள். வெட்டவெளியில் மின்னல் பயம். அதனால் மேல்மாடிக்கு ஏறினாள். பறித்து வந்த கொழுந்தைப் பரப்பி, அடியிலிருந்து சூடான காற்று விட்டு வாட்டுகிற இடம் அது. அந்த ஜன்னலில் நின்றால் மலை முழுசாகத் தெரியும்.

கேமராவில் கண்ணை வைத்தால் வெறும் வெள்ளை. குளிரில் கிடந்த லென்ஸ், கொழுந்தின் ஈரச்சூட்டில் வேர்த்துவிட்டது. முந்தானையால் துடைத்தாள். மறுபடி வேர்த்தது. பதினேழு வருஷமாக இதே ஆவியில் வேலை பார்க்கிறவள் இதை மறக்கலாமா? தன்னையே நன்றாகத் திட்டிக்கொண்டாள். வெயில் பட்டையோ சுருங்கிக்கொண்டே வந்தது.

துடைத்துப் பிரயோசனமில்லை, லென்ஸ் சூடேற வேண்டும். சூடேற்றுகிற வேலைதானே அவளுடையது? படிகளில் தடதடவென்று இறங்கி, டிரையரின் வறண்ட சூட்டில் லென்ஸைக் காட்டினாள்.

"ஏனுங்கம்மா, கேமராவையும் தூள் பண்ணப் போறீங்களா?" என்றார் நெல்சன்.

அவருக்குப் பதில் சொல்ல யாருக்கு நேரம்? கண்ணாடி தெளிந்ததும் மறுபடி மேலே. இப்போது வேர்க்கவில்லை. வெயில் ஒரு கயிறளவுதான் மிச்சம். அமுக்கினாள், அமுக்கினாள், மூன்றாவது தடவை அமுக்கும்போது மலை உச்சியில் மின்னல் இறங்கியது. கொழுந்து பரப்பிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். அடுத்த நிமிஷம் மேகம் மூடி மலையே காணாமல் போனது.

ஆறு மணிக்குக் கால் மணி இருக்கையில் மேனேஜர் படத்தைப் பார்த்தார். இவ்வளவு கறுத்த வானத்தை வீட்டில் யார் மாட்டுவார்கள் என்று இழுத்தார். சுஜாதா விடவில்லை.

"இந்த வானத்துக்குக் கீழ நின்னுதானுங்க சார் நம்ம தேயிலையப் பறிக்கறாங்க."

அவர் படத்தைப் பெரிதாக்கினார். வெயில் கீற்றின் ஓரத்தில், பிளாஸ்டிக் தாளைப் போர்த்திய ஐந்தாறு பெண்கள் குனிந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் பேனாவை எடுத்தார்.

"படத்துக்கு அடியில பேரு போடணும். இனிஷியல் என்னங்கம்மா?"

பதினேழு வருஷமாக வெறும் டிரையர் சுஜாதாவாக இருந்தவள், அவர் தப்பாக எழுதிவிடக் கூடாதே என்று அந்த ஓரெழுத்தை இரண்டு தடவை சொன்னாள்.